ஆநிரை காத்தவரும் அவர்தம் கற்களும்

செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமலே தெய்வங்களுக்கு ஓர் ஆலயம் சமைத்ததாக மண்டகப்பட்டுக் குடைவரையில் வடமொழிச் சாசனம் பொறித்துத் தன்னைத் தானே வியந்துகொண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனைச் சரித்திரம் பயின்றோர் யாவரும் அறிவர். அவன் குடைவித்த குகைக்கோயில்களைப் பற்றியும், அவன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தைப் பற்றியும், விசித்திரசித்தன், குணபரன் என்று அவன் சூடிக்கொண்ட விருதுப் பெயர்களைப் பற்றியும் எழுதப்பட்ட ஏடுகள் ஏராளம். அதே மன்னனுடைய 34ஆம் ஆட்சியாண்டில், இப்பொழுது திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கியுள்ள எடுத்தனூர் என்னும் சிற்றூரில், மன்னனுடைய ஆணையோ பொருளுதவியோ இருந்தமைக்கு எவ்வித அடையாளமும் காட்டாமல், வேறொரு கல் நிறுத்தப்பட்டது. வாணர் குலத்து அரசருக்கு மருமகன் முறையான பொற்றொக்கையார் என்பவரைச் சார்ந்து வாழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் இளைஞன் தன் எருமைக் கூட்டத்தைக் காக்க நின்று மாண்டான் என்பதை அந்தக் கல் வட்டெழுத்தில் கூறுகிறது. அதனோடு நிறுத்திவிடாமல், கோவிவன் என்னும் பெயருடைய நாய் ஒன்று கள்வர் இருவரைக் கடித்துக் காவலாக நின்ற செய்தியையும் சேர்த்தே கூறுகிறது. வீரனுடைய உருவத்தின் அருகே அந்த நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது.

அரசன் தன் கீர்த்தியைத் தானே கல்லில் எழுதிக்கொண்ட அதே காலத்தில், எருமை காத்தவனையும் அவனுடைய நாயையும் பெயர் சொல்லி நினைவில் நிறுத்த வேண்டுமென்று ஒரு கிராமத்து ஜனங்கள் கருதினார்களே, அந்தக் கருத்தின் சரித்திரந்தான் இங்கே சொல்லப் புகுவது. போர் நினைவுச் சின்னம் என்றதும் சென்னைக் கடற்கரையில், கோட்டைக்குத் தெற்கே, வட்டமான தூண்வரிசையோடு நிற்கும் மண்டபமோ, தில்லியில் ஓங்கி நிற்கும் இந்தியா வாயிலோ நம் நினைவுக்கு வருவது இயல்பு. அவை சர்க்கார் எழுப்பியவை. சர்க்காருக்குச் சம்பந்தமில்லாமல், ஊர் தன் மக்களுக்காகத் தானே எழுப்பிக்கொண்ட சின்னங்கள் தமிழ்நாட்டில் மண்டபம், கோபுரம் என்ற சொற்களெல்லாம் வழக்குக்கு வருமுன்னரே இருந்தன. அவற்றுக்கு நடுகல் என்று பெயர்.

இந்த வழக்கத்தின் பழமைக்கு இலக்கியமும் மண்ணும் ஒருங்கே சாட்சி பகர்கின்றன. தொல்காப்பியம் புறத்திணையியலில், ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் பற்றிய வெட்சித் திணையைச் சொல்லுமிடத்தே, வீழ்ந்த வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையையும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக வகுத்து வைத்திருக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதை எடுத்துவந்து நீராட்டி, நாட்டி, படையலிட்டு, வாழ்த்தி முடிப்பது வரையில் உள்ள இந்தக் கிரமத்தில் ஒவ்வொரு படிக்கும் உரையாசிரியர்கள் கூறும் விளக்கம் சிற்சில இடங்களில் வேறுபட்டாலும், சடங்கின் போக்கு தெளிவாகவே விளங்குகிறது. இதில் வியக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. சேரன் செங்குட்டுவன் இமயத்திலே கல்லெடுத்துக் கங்கையிலே நீராட்டி, வஞ்சி மாநகரில் பத்தினித் தெய்வத்தைப் பிரதிஷ்டை செய்த பெருங்கதையை இளங்கோவடிகள் சொல்லும்போது, வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்குக் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்றே பெயரிட்டிருக்கிறார். மாடு மீட்கப் போய் மாண்ட மறவனுக்குச் சிற்றூர் செய்த சடங்கே, பேரரசன் ஒரு தெய்வத்துக்குச் செய்த பெருவிழாவுக்கும் முன்மாதிரியாயிற்று. பெரியோரைப் பார்த்துச் சிறியோர் கற்பார்கள் என்ற வழக்கமான எண்ணம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

நூல்கள் சொல்வதெல்லாம் புலவர் கற்பனை என்று ஐயுற்றோரும் முன்னொரு காலத்தில் இருந்தனர். அந்த ஐயத்துக்கு இடமின்றிச் செய்த கண்டுபிடிப்பு 2006ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. வைகைக் கரையில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டறிந்தார்கள். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் உயிர் நீத்த அந்தவன் என்பவனுக்கு உரியது. தொல்காப்பியம் எடுத்தாளும் ஆகோள் என்ற சொல்லே அந்தக் கல்லில் அப்படியே வருகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை இவை என்பது ஆய்வாளர் துணிபு. அவற்றில் உருவம் ஏதும் இல்லை. சிற்பியின் கைவண்ணம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. ஓர் ஊரின் பெயர், சண்டையின் காரணம், மாண்டவனின் பெயர், 'கல்' என்ற சொல், இவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அந்தவனை அறிந்துகொள்ள இவ்வளவு போதுமானதாக இருந்தது.

நடுகல் தமிழ்நாட்டில் பல பகுதிகளிலும் கிடைப்பதுதான் என்றாலும், அது செழித்து வளர்ந்த நிலம் செங்கமும் அதைச் சுற்றிய சீமையும், அதற்கு மேற்கே தருமபுரியும் ஆகும். சவ்வாது மலையில் பிறந்த சேயாறு செங்கத்தின் வழியாக ஓடுகிறது. தெற்கே தென்பெண்ணை பாய்கிறது. மலைக்கும் மலைக்கும் இடையே கிடக்கும் இந்தப் புன்செய் நிலத்தில், காவிரிப் படுகையைப்போல நெல் விளைத்துக் களஞ்சியம் நிரப்ப வழியில்லை. சோளமும் வரகும் மானாவாரியாக விளையும். மழை பொய்த்தால் அவையும் விளையா. ஆகவே குடியானவனுடைய செல்வம் முழுவதும் நாலு கால் கொண்டு நடந்தது. நடக்கும் செல்வத்தை ஓட்டிக்கொண்டு போவது எளிது; பூட்டி வைப்பது அரிது. வயலைக் கவர்ந்த பகைவன் அங்கேயே தங்கி உழ வேண்டும். மந்தையைக் கவர்ந்தவனோ ஓர் இரவிலே காட்டைத் தாண்டிவிடுவான். இத்தகைய நிலத்தில் யுத்தம் என்பது மாடு பிடிப்பதாகவும், வீரம் என்பது மாடு மீட்பதாகவும் அமைந்ததில் ஆச்சரியம் இல்லை.

பூகோள அமைப்பு இதற்கு மேலும் ஒரு காரணத்தைச் சேர்த்தது. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்கும் கணவாய் வழியில் செங்கம் இருக்கிறது. காஞ்சியை ஆண்டவருக்கும் கங்கருக்கும் வாணருக்கும் இது எல்லைப்புறம். பதினெட்டாம் நூற்றாண்டில்கூட, 1767ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஹைதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மோதிக்கொண்டது இந்தச் செங்கத்தில்தான். எல்லையில் குடியிருப்பவன் இரண்டு அரசர்களுக்கும் நடுவிலே நசுங்குபவன். பெரிய படைகள் வருவதற்கு முன்னும் பின்னும் சிறிய படைகள் மந்தையைத் தேடி வரும். அப்போது தடுத்து நிற்பதற்குக் காஞ்சியிலிருந்து சேனை வராது, ஊர்க்காரன்தான் நிற்க வேண்டும்.

சங்கப் புலவர் இந்த நிலத்தை நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டில் இறுதியாக வைக்கப்பட்ட மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் என்னும் புலவர் 583 அடிகளில் பாடியது; அதன் தலைவனாகிய நன்னன் ஆண்ட செங்கண்மா என்பது இன்றைய செங்கமே என்பது பலரும் ஒப்பிய அபிப்பிராயம். பரிசில் நாடிச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்வதாக அமைந்த அந்தப் பாட்டு, வழியிலே கவடுபட்ட இடங்களில் வீரர் பெயர் பொறித்த கற்கள் மிகப் பலவாக நிற்கும் என்றும், அவற்றின் முன்னே வாத்தியங்களை மரபுப்படி இசைத்து மரியாதை செய்துவிட்டு விரைந்து செல்ல வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. பிரயாணிக்குப் பாதையைச் சொல்லும்போது நடுகல்லையும் அடையாளமாகச் சொல்ல வேண்டியிருந்ததென்றால், அந்நாளிலேயே அவை எவ்வளவு மலிந்திருக்க வேண்டும்! தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபின் அவனுக்கு நட்ட கல்லிலே மயிற்பீலி அணிவித்துக் கள் வார்த்ததைக் கண்டு அவ்வையார் மனம் நொந்து பாடிய பாட்டும் புறநானூற்றில் உண்டு. அந்தத் தகடூர்தான் தருமபுரி. சங்க காலத்துக்கும் பல்லவர் காலத்துக்கும் இடையே நாட்டில் எத்தனையோ ஆட்சிகள் தோன்றி மறைந்தன. இந்தச் சீமையில் கல் நடும் வழக்கம் மட்டும் அறுபடவே இல்லை.

பல்லவர் காலத்துக் கல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் அமைப்பைச் சற்று நிதானமாகக் காண்போம். ஆளுயரத்துக்குக் குறைந்த ஒரு பலகைக் கல். அதன் நடுவே புடைப்புச் சிற்பமாக வீரன், இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், கால்கள் ஓடுவதுபோல அகன்றிருக்கும், தலைமயிர் முடிந்திருக்கும், சில கற்களில் அவனுடைய மார்பிலோ தொடையிலோ பகைவனின் அம்பு தைத்து நிற்கும். காலடியில் கெண்டியோ குடமோ ஒன்றும் சிமிழ் ஒன்றும் பலவற்றில் காணலாம். மறுமையிலும் அவனுக்குத் தாகம் எடுக்கும் என்று நினைத்தார்கள் போலும். மேலே, சில கற்களில் பக்கவாட்டிலும், வட்டெழுத்தில் வாசகம். பல்லவர் தம் சொந்தச் சாசனங்களில் கிரந்த லிபியை எழுதிக்கொண்டிருக்க, இந்த மலைச்சீமை மக்கள் தங்களுக்குப் பழகிய வட்டெழுத்தையே எழுதினார்கள்.

வாசகத்தின் நடை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. 'கோவிசைய' என்று தொடங்கி இன்ன பருமனுக்கு இத்தனையாவது யாண்டு என்று காலத்தைக் குறித்துவிட்டு, இன்ன நாட்டு இன்ன ஊரை இன்னார் ஆளும்போது, இன்னார் தொறுக்கொண்ட ஞான்று, அதாவது மந்தையைக் கவர்ந்த பொழுதில், அதை மீட்டுப் பட்டான் இன்னான், அவன் கல் என்று முடியும். இதில் அரசனுக்குக் கிடைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பேரரசன் பெயர் முதலில் வருகிறது உண்மைதான். ஆனால் அவன் அங்கே ஒரு பஞ்சாங்கமாக மட்டுமே பயன்படுகிறான். அவனைப் பற்றிப் புகழ்மொழி ஒன்றுகூட இல்லை. அவன் தாத்தா யார், அவன் வென்ற தேசம் எது என்ற பேச்சே இல்லை. ஆண்டைச் சொல்வதற்கு அவன் வேண்டியிருந்தான், சொன்னதும் அவனை விட்டுவிட்டார்கள். அடுத்து வரும் குறுநிலத் தலைவன் பகையையும் உறவையும் விளக்குவதற்கு வருகிறான். வாக்கியத்தின் முடிவாகிய சிகரம் மாண்டவனுக்கே உரியது. பிற்காலத்துச் சோழர் சாசனங்களில் மெய்க்கீர்த்தி இருபது முப்பது வரிகளுக்கு நீண்டு, விஷயம் எங்கோ கடைசியில் ஒதுங்கிக் கிடப்பதைப் படித்துச் சலித்தவர்களுக்கு இந்தக் கற்களின் சுருக்கம் குளிர்ந்த மோரைப் போல இருக்கும்.

மந்தையைக் கவரும்போது மாண்டவனுக்கும் கல் உண்டு என்பதையும் மறைத்தல் தகாது. மீட்கச் சென்று பட்டவன் தன் ஊருக்கு வீரன். கவரச் சென்று பட்டவனும் தன் ஊருக்கு வீரனே. கோவிவன் கடித்த அந்தக் கள்வர் இருவருக்கும் எங்கேனும் ஒரு கல் நடப்பட்டிருந்தால், அதில் நாயைப் பற்றிய செய்தி வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும். நடுகல் நியாயத் தீர்ப்பு அன்று. ஓர் ஊர் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வார்த்தை அது. அந்தப் பட்சபாதத்தோடு கூடவே அதைப் படிக்க வேண்டும். சரித்திர ஆசிரியர் சிலர் இந்தக் கற்களை வீரத்தின் விளைநிலமென்று பாடித் தள்ளிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பசியும் எல்லைத் தகராறும் பழிக்குப் பழியும் இவற்றின் அடியில் கிடக்கின்றன.

1961ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை, எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கம் வட்டத்தை ஊர் ஊராகத் தேடியது. இயக்குநராக இருந்த இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூல் 1972ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முன் நடுகல் என்பது பெரும்பாலும் இலக்கிய வகுப்பில் பேசப்பட்ட பொருள். அதன் பின்னர் அது சரித்திரத்துக்கு முதல்தரமான ஆதாரமாயிற்று. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் முதலான பல்லவ மன்னர்களுடைய ஆட்சியாண்டுகள் வரிசையாகக் கிடைத்தன. பாடப்புத்தகங்கள் மகேந்திரவர்மனுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆட்சியே கொடுத்து வந்திருக்க, எடுத்தனூர்க் கல் அவனுடைய 34ஆம் ஆண்டைக் குறிக்கிறது. பேரரசன் எத்தனை ஆண்டு ஆண்டான் என்ற வழக்கில், அவன் பெயரைத் தேதிக்காக மட்டும் எழுதிவைத்த ஒரு சிற்றூர் சாட்சி சொல்ல வந்தது. அரண்மனைச் சாசனங்களை வைத்துக்கொண்டு காலக்கணக்கு எழுதியவர்கள் அந்தச் சாட்சியை ஏற்றே ஆக வேண்டியதாயிற்று.

அரசர் கணக்கைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றும் ஆதாயம் வேறு. பல்லவர் காலத்துச் செப்பேடுகள் பிராமணருக்கும் கோயிலுக்கும் நிலம் கொடுத்த செய்தியைச் சொல்பவை. அவற்றில் குடியானவன் தலைகாட்டினாலும் வரி கொடுப்பவனாகவே தலைகாட்டுவான். நடுகல் ஒன்றில்தான் சேவகனும் இடையனும் ஊர்க்காவலனும் தன் பெயரோடு, தன் தலைவன் பெயரோடு, தன் ஊர்ப் பெயரோடு வெளிச்சத்துக்கு வருகிறான். பொற்றொக்கை, கருந்தேவக்கத்தி என்று அக்காலத்து மனிதர் தம் குழந்தைகளுக்கு இட்ட பெயர்கள், புலவரின் திருத்தம் படாத பேச்சுவழக்கு, சிறு நாடுகளின் எல்லைகள், மாமன் மருமகன் உறவு முறைகள் யாவும் அங்கே இருக்கின்றன. பக்தி இலக்கியம் வானளாவ எழுந்த அந்த நூற்றாண்டில், மண்ணிலே நடந்த சாமானியருடைய வாழ்வை அறிய இவற்றைப்போல வேறு நேர்ச்சாட்சி இல்லை.

கல் நடுவதோடு ஊரின் கடமை தீர்ந்துவிட்டதாகவும் அந்நாளில் கருதவில்லை. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடுவது உண்டு. நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் அதற்குப் பெயர். சிந்திய இரத்தத்துக்கு ஈடாக விட்ட காணி என்பது கருத்து. எல்லாக் கற்களிலும் இந்தச் செய்தி வருவதில்லை. ஆயினும் நினைவுச் சின்னமும் பிழைக்கும் வழியும் ஒரே கல்லில் எழுதப்பட்ட இடங்கள் உண்டு என்பதை, மாலை போடுவதையே மரியாதையின் முடிவாகக் கொண்டுவிட்ட நம் காலம் யோசித்துப் பார்க்கலாம்.

மனிதருக்கு மட்டுமே கல் என்ற விதியும் இல்லை என்பதற்குக் கோவிவனைத் தவிர வேறு உதாரணங்களும் உண்டு. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்திலும், இந்தளூரிலும், சண்டையில் ஊருக்காகப் போரிட்ட சேவல்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். மேற்சேரிச் சேவல், கீழ்ச்சேரிச் சேவல் என்று சேரியின் பெயரையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். கொங்கு நாட்டில் புலியோடு போராடி மாண்டவருக்கு எழுப்பிய புலிகுத்திக் கற்கள் பல. ஊர் எதைத் தன் மானம் என்று நினைத்ததோ அதற்காக நின்றவர் யாராயினும், எதுவாயினும், கல்லுக்கு உரிமை பெற்றார்கள்.

பிற்காலத்தில் இந்தச் சின்னத்தின் வடிவம் மாறிற்று. வீரனை அரம்பையர் இருவர் கைப்பிடித்து விண்ணுலகுக்கு அழைத்துச் செல்வதுபோல மேலே ஒரு வரிசை தோன்றியது. உடன் மாண்ட மனைவியின் உருவம் பக்கத்தில் சேர்ந்தது. சிற்பம் சிறந்தது, எழுத்து குறைந்தது. விஜயநகர, நாயக்கர் காலத்துக் கற்களில் பலவற்றில் பெயரே கிடையாது. ஆடை அணிகளை நுணுக்கமாகச் செதுக்கத் தெரிந்த சிற்பிக்கு ஒரு பெயரைச் செதுக்கத் தோன்றவில்லை. எழுத்தில்லாத அந்த அழகிய கற்களைக் காட்டிலும், கோணல்மாணலாக நாலு வரி எழுதிய பழைய கல்லே எனக்கு உகந்தது.

பெயரைப் பற்றிய இந்தக் கவலை பழங்காலத்தோடு போய்விட்டதென்று எண்ண வேண்டாம். 1914ஆம் ஆண்டில் மூண்ட மகாயுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். திரும்பாதவர்கள் எழுபதினாயிரத்துக்கும் மேல். யுத்தம் முடிந்ததும், ஆள் கொடுத்த கிராமங்கள் பலவற்றில் ஆங்கில சர்க்கார் ஒரு சலவைக்கல் பலகையைப் பதித்தது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த மகாயுத்தத்துக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் இரண்டு எண்கள் இருக்கும், பெயர் இராது. இங்கிலாந்தில் அதே ஆண்டுகளில் கிராமந்தோறும் மாதாகோயில் முற்றத்திலும் நாற்சந்தியிலும் எழுந்த சிலுவைத் தூண்களில், படைத்தலைவன், சிப்பாய் என்ற பேதம் பெரிதும் பாராமல் மாண்டவர் பெயர்களை வரிசையாக வெட்டினார்கள். மெசபொட்டேமியாவில் மாண்டு, கல்லறை தெரியாமற் போன நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காகப் பஸ்ராவில் எழுப்பிய பெரிய நினைவுச் சின்னத்திலும், இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயருக்கு எதிரே இத்தனை பேர் என்ற எண்ணாகவே நின்றார்கள். தமிழர் மிகுதியாகச் சேர்ந்திருந்த மதராஸ் சாப்பர்ஸ் படையும் அந்த மெசபொட்டேமியாவில் பணி செய்ததுதான். அச்சு யந்திரமும் கணக்குப் புத்தகமும் தந்தியும் கைவசம் வைத்திருந்த ஒரு பேரரசு செய்யாமல் விட்டதை, ஏழாம் நூற்றாண்டில் உளியொன்றை மட்டும் வைத்திருந்த எடுத்தனூர் தன் நாய்க்கும் செய்து முடித்திருந்தது.

இவ்வளவு மதிப்புள்ள கற்கள் இத்தனை நூற்றாண்டுகள் எவ்வாறு தப்பிப் பிழைத்தன என்று கேட்டால், அதற்கு விடை பெரும்பாலும் பக்தி என்பதே. தருமபுரி, திருவண்ணாமலைச் சீமைகளில் நடுகல்லை வேடியப்பன் என்று சொல்லி வழிபடுகிறார்கள். வில்லேந்தி நிற்கும் உருவத்தை வேடனாகக் கண்டார்கள், வேடன் அப்பனானான், அப்பனுக்குப் பொங்கலும் கிடா வெட்டும் ஏற்பட்டன, பிள்ளைகளுக்கு வேடியப்பன் என்றும் வேடியம்மாள் என்றும் பெயர் இட்டார்கள். தென்பாண்டிச் சீமையிலும் சோழ நாட்டிலும் பட்டவன் என்ற பெயரில் இதே வழிபாடு நடக்கிறது; பட்டான் என்று கல்லில் முடியும் வினைச்சொல்லே அங்கே சாமியின் பெயராகிவிட்டது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் திறமை, வட்டெழுத்து வழக்கொழிந்ததோடு ஊரைவிட்டுப் போயிற்று. யாருடைய கல், எந்த மாட்டுக்காக மாண்டான் என்ற கதை மறந்தது. ஆயினும் இது நம்மைக் காத்தவன் கல் என்ற அளவில் ஒரு நம்பிக்கை மறக்காமல் நின்றது. அந்த நம்பிக்கை கல்லை உடைக்க ஓங்கிய சம்மட்டியைத் தடுத்தது.

வழிபாடு இல்லாமற்போன இடங்களில் நேர்ந்த கதி வேறு. துவைக்கும் கல்லாகவும், வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட பாலமாகவும், வீட்டுப் படிக்கட்டாகவும் கிடந்த நடுகற்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வழிபாடுள்ள இடத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. எண்ணெயும் மஞ்சளும் நூற்றாண்டுக் கணக்காக ஏறிய கல்லில் எழுத்து மறைந்திருக்குமே தவிர அழிந்திராது. பக்குவமாகக் கழுவினால் மீண்டும் தெரியும். இப்பொழுது ஊருக்குப் பணம் வந்தால் சிறு கோயில் கட்டுகிறார்கள். கல்லின் அடிப்பாகத்தைச் சிமெண்டில் புதைக்கிறார்கள். அத்தோடு கடைசி இரண்டு வரியும் புதைந்துபோகின்றன. சிற்பத்துக்கு எனாமல் வர்ணம் பூசுகிறார்கள். யந்திரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் எங்கேனும் நிகழ்கிறது. அதனால் வரும் நஷ்டத்துக்குப் பரிகாரமே கிடையாது. இவர்கள் எல்லாரும் சாமிக்கு நல்லது செய்வதாகவே நினைத்துச் செய்கிறார்கள் என்பதால், கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

இவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு எளிதில் தோன்றும் விடை, எல்லாவற்றையும் எடுத்து மியூசியத்தில் வைத்துவிடுவது. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் நல்ல முறையில் வரிசையாக நிற்கின்றன. சென்னை எழும்பூர் மியூசியத்திலும் உண்டு. சாலை அகலப்படுத்தும் வழியில் நின்றவற்றையும், ஏரிக்கரையில் கேட்பாரற்றுக் கிடந்தவற்றையும் அப்படி எடுத்து வைத்தது சரியான காரியமே. ஆனால் ஊரில் ஊன்றி நிற்கும் கல்லைப் பிடுங்கி நகரத்தில் வைப்பது, அதன் பொருளில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருவதாகும். மந்தை எந்தப் பக்கமாக ஓட்டப்பட்டது, எதிரி எந்தக் கணவாயில் இறங்கினான், வீரன் ஊரைவிட்டு எவ்வளவு தூரத்தில் விழுந்தான் என்பவற்றைக் கல் நிற்கும் இடமும் மலையின் திசையும் சேர்ந்தே சொல்லும். பல கற்கள் ஊர் எல்லையிலும் பழைய தடத்தின் ஓரத்திலும் நிற்பது தற்செயலான காரியம் அன்று. சங்கப் புலவர் கூத்தருக்கு வழி சொன்னபோது நடுகல்லைச் சொன்னாரே, அந்த வழியைவிட்டு எடுத்த கல் எவருக்கும் வழி சொல்லாது. மேலும், சாமியை எடுத்துப் போகிறார்கள் என்று ஊர் தடுக்குமானால், சரித்திரப் பற்றில் ஊரே நம்மை விஞ்சி நிற்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

பழஞ்சின்னங்களைக் காப்பதற்கென்று 1966ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி பாதுகாக்கப்பட்ட சின்னமென்று அறிவிக்கப்பட்டதற்குப் பலகையும் வேலியும் கிடைக்கும். ஊருக்கு ஊர், புளியமரத்தடிக்கு மரத்தடி சிதறி நிற்கும் கற்களை ஒவ்வொன்றாக அறிவித்துக் காவல் போடுவது எந்தச் சர்க்காராலும் முடிகிற வேலையன்று, முடியவும் தேவையில்லை. கல்லைக் காத்துவந்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது அதன் வாசகம் ஒன்றே. அறிஞர்கள் ஊருக்குச் சென்று, கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி மசிப்படி எடுத்து, எழுத்தைப் படித்து, புத்தகத்தில் அச்சிட்டுவிட்டார்கள். அந்தப் புத்தகம் நகரத்து நூல்நிலையங்களில் இருக்கிறது. படித்த வாசகம் கல் நிற்கும் ஊருக்குத் திரும்பிப் போனது மிகக் குறைவு. வேடியப்பன் கோயிலில் பொங்கல் வைக்கும் குடும்பத்துக்கு, தாங்கள் கும்பிடுவது இன்ன பெயருடைய இன்னாரை என்று தெரிவதற்கு, இக்காலத்து எழுத்தில் எழுதிய ஒரு பலகை போதும். தெரிந்த பிறகு எவரும் அந்தக் கடைசி இரண்டு வரியைச் சிமெண்டில் புதைக்க மாட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இதில் ஈடுபடுத்தலாம். பஞ்சாயத்துக் கணக்கில் பெருஞ்செலவு வராது. எடுத்தனூர்க் கல்லின் வாசகம் முழுவதையும், நாயின் பெயர் உட்பட, எழுதி முடிக்க ஐந்தாறு வரி பிடிக்கும்.